விடப்படுகிறவளுக்கு ஒரு சாவி

மாதா படத்துக்குக் கீழே ஓர் ஆணி இருக்கிறது. அதில் முதலில் ஒரே ஒரு சாவிதான் தொங்கியது. சிவப்புக் கயிற்றில் கோத்த சாவி. என் வீட்டுச் சாவி இல்லை, பக்கத்து வீட்டுடையது. அதைக் கொடுத்தது என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சாயங்காலம் பால் கறந்த கையோடு வந்தாள். கை ஈரமாக இருந்தது. சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை அவளே மடக்கினாள்.

"ஒரு நாளைக்கு நான் காணாம போயிட்டன்னா தேடிக்கிட்டுத் திரியாத. வூட்டைத் தொறந்து தவுட்டு மூட்டையை எடுத்துக்க. மாட்டை அவுத்துத் தண்ணி காட்டு. கட்டுன எடத்துலயே காஞ்சி செத்துடப் போவுது."

"எங்க போறீங்க?"

அக்கா மேலே கையைக் காட்டினாள்.

"அப்ப நானு?"

முந்தானையில் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "நீ இருப்ப" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் போய்விட்டாள். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு நான் நல்லவள். கூடக் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு இல்லை. அப்படித்தான் எனக்குப் புரிந்தது. கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. மாடு என்ன பாவம் செய்தது.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். நாங்கள் கோயில்காரர்கள். எங்களில் கோயில் என்றால் மாதா கோயில். நானும் அக்காவும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்கினார்கள். சுவர் வந்ததே தவிர வேறொன்றும் பிரியவில்லை. மாவு அரைக்கிற கிரைண்டர் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அது அக்கா வீட்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் முதலில் போனார். பிறகு அவருடைய அண்ணனும் போய்விட்டார். என் மகளை அரூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. அக்கா மகன் ஓசூரில் கம்பெனி வேலை. மிச்சம் நாங்கள் இரண்டு பேர், ஒரு ஜெர்சி மாடு, என் கோழிகள். காலையில் நான் தக்காளி மண்டிக்குப் போவேன். பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் போடுகிற வேலை. அக்கா மாட்டைப் பார்ப்பாள், சொசைட்டிக்குப் பால் ஊற்றுவாள். இருட்டுகிறபோது அவள் களி கிளறுவாள், நான் குழம்பு வைப்பேன்.

அவள் வீட்டுக்காரர் செத்த பிறகு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் அழுதால் கூட அழுதார்கள், சமைக்காத நாளில் சோறு கொண்டு வந்தார்கள். எங்கள் கோயிலில் பூசை வைத்தார்கள், முப்பதாம் நாள் கும்பிட்டார்கள், அத்தோடு சரி. அக்கா ஜெபவீட்டுக்குப் போனாள், தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தாள், காதில் மூக்கில் கிடந்ததைக் கழற்றி வைத்தாள். என்னைக் கூப்பிட்டாள். நான் வரவில்லை என்றேன். அத்தோடு விட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அங்கே பாஸ்டர் அதிகமாகப் பேசியது கடைசி காலத்தைப் பற்றித்தான். அக்கா களி கிளறிக்கொண்டே அதையெல்லாம் எனக்குச் சொல்வாள். இயேசு இரகசியமாக ஒரு முறை வருவார். கண் இமைக்கிற நேரத்தில் இரட்சிக்கப்பட்டவர்களை மட்டும் மேலே எடுத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆள் இருந்த இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு வருஷம் உபத்திரவம். அந்திக்கிறிஸ்து வருவான், எல்லோருக்கும் நெற்றியிலோ கையிலோ மூன்று ஆறு, 666 என்று முத்திரை போடுவான், முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது. பிறகுதான் எல்லோரும் பார்க்க இயேசு வருவார், ஆயிரம் வருஷம் அரசாளுவார். அக்காவுக்கு இது பஸ் நேரம் மாதிரி மனப்பாடம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு ஏழாவதுக்கு மேல் படிப்பு இல்லை. அது இல்லை என்று சொல்லவும் தெரியாது, ஆமாம் என்று சொல்லவும் தெரியாது.

ஒரு முறை கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கோமாரி ஊசி போட வந்தார்கள். ஊசி போட்ட மாட்டுக்கெல்லாம் காதில் மஞ்சள் வில்லை மாட்டினார்கள். அதில் நீளமாக நம்பர் இருக்கும். இனி கடன் வாங்க, இன்சூரன்ஸ் போட, மாடு விற்க எல்லாவற்றுக்கும் இந்த நம்பர் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வாங்க விற்க என்றதும் அக்கா மாட்டைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டாள். கரும்புக்கு மறைவில் நின்றாளாம். ஆனால் மாடு சும்மா இருக்குமா, கத்திக் காட்டிக் கொடுத்துவிட்டது. டாக்டர் அங்கேயே போய் மாட்டினார். சாயங்காலம் நான் வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து மாட்டிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது.

"அதுல மூணு ஆறு இருக்கா பாருடி."

பார்த்தேன். "ஒரு ஆறுதான் இருக்கு."

"ஒண்ணுன்னா பரவால்லியா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? மாட்டுக்கு நெத்தியிலயா போட்டாங்க? காதுலதானே."

அடுத்த ஞாயிறு பாஸ்டரிடம் கேட்டாள். மாட்டுக்கு ஆத்துமா இல்லை, அதனால் அது முத்திரையில் சேராது என்றார். அக்காவுக்கு நிம்மதி. நான் எங்கள் ஃபாதரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அந்த நம்பர் அந்தக் காலத்து ரோமாபுரி ராஜாவைப் பற்றியது, கிறிஸ்தவர்களைக் கொன்றவன், வெளிப்படையாகப் பெயரைச் சொன்னால் தலை போகும் என்று நம்பராக எழுதி வைத்தார்கள் என்றார். வேதத்தின் கடைசிப் புத்தகம் அடிபட்டுக்கொண்டிருந்த அந்த ஜனங்களுக்கு ஆறுதலாக எழுதியது, நாளை நடக்கப்போவதைச் சொல்லும் பஞ்சாங்கம் இல்லை என்றார். "அப்ப ஆயிரம் வருஷம்?" என்றேன். "எண்ணிப் பாக்குற கணக்கு இல்லம்மா அது. ஆண்டவர் ஒரு நாள் வருவார். எல்லாருக்கும் ஒண்ணாத்தான் வருவார். என்னைக்குன்னு எனக்கும் தெரியாது, பாஸ்டருக்கும் தெரியாது. நீ மண்டிக்கு நேரத்துல போ" என்றார். இதை அக்காவிடம் சொன்னேன். "உங்க சாமியாருக்கு வெளிச்சம் இல்ல" என்றாள். ஃபாதரும் படித்தவர். பாஸ்டரும் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். ஒரே புத்தகம். எனக்குத் தலை சுற்றியது.

சாவி கொடுத்தது இதற்குப் பிறகுதான். அதற்குக் காரணம் கிரைண்டர். வேதத்தில் ஓர் இடத்தில் வருகிறதாம், இரண்டு பெண்கள் மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்று. பாஸ்டர் அதை வைத்து ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்திருக்கிறார். அக்கா திரும்பி வந்து கிரைண்டரைப் பார்த்திருக்கிறாள். அதன் பக்கத்தில் நான் அப்போதுதான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். என்னையும் பார்த்தாள். அவள் முகம் ஏன் அப்படிப் போனது என்று எனக்கு அன்று தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் சாவி வந்தது.

அந்த வசனத்தையும் ஃபாதரிடம் கொண்டு போனேன். எனக்கு அது குத்திக்கொண்டே இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாரு. நோவா காலத்து வெள்ளம். அந்த வெள்ளம் யாரை அடிச்சிக்கிட்டுப் போச்சு? கெட்டவங்களை. மிச்சம் இருந்தது யாரு? நோவா. அப்ப எடுத்துக்கிட்டுப் போறது நல்லதுன்னு யார் சொன்னா? விடப்பட்டவதான் தப்பிச்சவன்னு படிக்கிறவங்களும் இருக்காங்க" என்றார். நான் இதை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொன்னேன். அவள் களித் துடுப்பை அப்படியே நிறுத்திவிட்டாள். "அப்ப நீதான் நல்லவளா?" என்றாள். "நான் சொல்லலக்கா. ஃபாதர் சொன்னாரு." அன்றைக்குக் களி கட்டி தட்டிப் போனது. அதையே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இன்னொருவரும் வந்தார். ஓசூர்ப் பக்கமிருந்து ஓர் ஊழியக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஜெபவீட்டில் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடத்தினார்கள். அக்கா கெஞ்சிக் கேட்டதால் கடைசி நாள் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் மைக்கில் கேட்டார், "யாரு சொன்னது, நீங்கெல்லாம் தப்பிச்சி மேல ஓடிப்போவீங்கன்னு? இரகசிய வருகைன்னு ஒண்ணு இல்லவே இல்ல. சபை உபத்திரவத்துக்குள்ள நடந்துதான் போகணும். கடைசி எக்காளத்துலதான் எடுத்துக்கொள்ளப்படுவோம். அதுவரைக்கும் எல்லாரும் இங்கதான்." பாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. பாட்டு பாட ஆள் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அந்த ஊழியக்காரரைக் கூப்பிடவில்லை. ஆனால் நாலைந்து குடும்பம் அவர் பக்கம் போய்விட்டது. வேறொரு வீட்டில் தனியாகக் கூடினார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தோத்திரம் கூடச் சொல்லாமல் போனார்கள்.

அன்று இருட்டில் இரண்டு பேரும் திரும்பி நடந்து வந்தோம். அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"அப்ப உபத்திரவத்துல நீயும் நானும் ஒண்ணாத்தான் கஷ்டப்படுவமா?"

"இப்ப மட்டும் என்ன, தனித்தனியாவா படறோம்?"

சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். ஆனால் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. பாஸ்டர் சொன்னது சரியா, வந்தவர் சொன்னது சரியா என்று அவளும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது.

பிறகு அந்த நாள். ஆடி முடிந்து வெயில் திரும்பவும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மண்டியில் வரத்து குறைவு, மத்தியானமே விட்டுவிட்டார்கள். என் போனில் சார்ஜ் இல்லை, அணைந்து கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாடு கத்துவது கேட்டது. அக்கா பத்து மணிக்கெல்லாம் அதை வேப்பமர நிழலுக்கு மாற்றிக் கட்டிவிடுவாள். அது வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தது. வாயில் நுரை. அக்கா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவு திறந்திருந்தது. வாசலில் அவள் செருப்பு. கட்டில்மேல் வேதப் புத்தகம், அதன்மேல் கண்ணாடி. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்து தரையில் கோலம் மாதிரி கிடந்தது. கல் சுற்றுகிறது. ஆள் இல்லை.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கண்ணாடி இல்லாமல் அவள் பின்கட்டுக்குக் கூடப் போக மாட்டாள். செருப்பு இல்லாமல் அந்த வெயிலில் தெருவில் இறங்க மாட்டாள். மாவு அரைக்கிற இரண்டு பெண்கள். ஒருத்தி இல்லை. நான் இருக்கிறேன். ஃபாதர் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். வெறும் வானம். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. தெருவில் ஒரு நாய் கூட இல்லை. சொல்லாமல் போய்விட்டாளே என்றுதான் இருந்தது. என்றைக்கோ சொல்லிவிட்டுத்தானே போனாள் என்றும் இருந்தது. உள்ளே போய்க் கிரைண்டரை அணைத்தேன். மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினேன். தண்ணீர் காட்டினேன். இரண்டு குண்டான் குடித்தது. அவள் சொன்னது அதுதான், அதைச் செய்தேன். என் வீட்டுக்குப் போய்ப் போனைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்ததும் முதலில் பாஸ்டருக்குப் போட்டேன். ஏன் அவருக்கு என்றால், அவர் எடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார். "தோத்திரம்மா" என்றார்.

"இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கேனே. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வந்தது. உடனே இன்னொன்றும் வந்தது. இவரையும் விட்டுவிட்டிருந்தால்? அதைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். அதற்குள் எதிர்வீட்டுக் கவுண்டர் வீட்டம்மா தக்காளி வண்டியில் வந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"எங்க புள்ள போயிருந்த? எத்தினி தடவ போன் போடறது! உங்கக்கா கிறுகிறுன்னு வந்து வுழுந்துட்டாங்க. எங்க வண்டியிலயே தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயி பாலக்கோடு ஆஸ்பத்திரியில சேத்துட்டு வர்றன்."

விழுந்தபோது கரண்ட் இல்லையாம். இவர்கள் போன பிறகு கரண்ட் வந்து கிரைண்டர் தானாகச் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. இதைச் சொன்னதும் நான் சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவின் கண்ணாடியையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா இரும்புக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டினன்."

"கிரைண்டரு?"

"அணைச்சிட்டன்."

கண்ணாடியைப் போட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நான் போயிட்டன்னு நெனச்சியா?"

"நெனச்சன்."

"அப்புறம்?"

"பாஸ்டருக்குப் போன் போட்டன். எடுத்துட்டாரு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி குத்திய கை ஆடியது. நர்ஸ் வந்து அதட்டினாள். நர்ஸ் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "நீ மட்டும் வாசல்ல நின்னிருப்ப இல்ல" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. நின்றேன்தான்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம், பால் கறந்த கையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"உன் வூட்டுச் சாவி ஒண்ணு குடு."

"எதுக்குக்கா?"

"உன் கோழிக்குத் தண்ணி வெக்கணுமில்ல."

"நான் எங்க போறன்?"

"யாரு கண்டா" என்றாள்.

மேலே கை காட்டவில்லை. நான் இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். நானும் எடுத்துக்கொள்ளப்படலாம் என்று நினைத்தாளா? இல்லை, எனக்கும் ஒரு நாள் தலை சுற்றும் என்றுதான் கேட்டாளா? பாஸ்டரை விட்டு அந்த ஊழியக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டாளா? அப்படியும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய ஜெபவீட்டுக்குத்தான் போனாள். களி கிளறும்போது கடைசி காலத்தைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். எது வந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் மகன் ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டாள். ஊருக்குக் கொண்டு வந்தார்கள். வீட்டில் பாஸ்டர் ஜெபித்தார். ஜெபவீட்டுக்காரர்களுக்குத் தனிக் கல்லறை இடம் இல்லை. எங்கள் கல்லறையில் அவள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே வைக்கட்டும் என்று ஃபாதர் சொன்னார். பாஸ்டரும் பின்னாலேயே நடந்து வந்தார். குழியில் இறக்கும்போது கால் கிழக்கே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வருகிறவர் கிழக்கிலிருந்து வருவார், எழுந்தால் முகம் அவரைப் பார்க்க வேண்டும். அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை. அவள் உயிரோடு எடுத்துக்கொள்ளப்படுவாள் என்று சொன்ன பாஸ்டரிடம், இனி அவளுக்கு எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்றார். ஃபாதரிடம் கேட்டேன். கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து என்றார். முதலிலா, சேர்ந்தா? நான் மண் போட்டுவிட்டு வந்தேன்.

மகன் ஓசூருக்குத் திரும்பும்போது அவள் சுருக்குப்பையை என்னிடம் கொடுத்தான். கொஞ்சம் சில்லறை, ஒரு மாத்திரை அட்டை, என் சாவி. என் சாவிக்கும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தாள். மாட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சித்தி என்றான். வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

நேற்று வரை ஆணியில் இரண்டு சாவி தொங்கியது. அவள் வீட்டைத் திறந்துதான் தவிடு எடுக்கிறேன், அங்கேதான் மாவு அரைக்கிறேன். அவள் சொன்னபடியே நான் இருக்கிறேன். என் சாவியைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. எனக்கும் ஒரு நாள் ஏதாவது ஆகும். மேலே போனாலும் சரி, கீழே விழுந்தாலும் சரி, மாடு கட்டின இடத்திலேயே கிடக்கும். நேற்றுச் சாயங்காலம் பால் கறந்த கையோடு என் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசல் வரை போனேன். கவுண்டர் வீட்டம்மா கதவைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"என்னா புள்ள, எங்கியாவது ஊருக்குப் போறியா?"

சாவியை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

"தெரியலீங்க" என்றேன். "மாட்டுக்குத் தண்ணி மட்டும் காட்டுங்க."